கரையும் குடியும் — 14: மனுவும் வாக்கும்

சென்ற இதழில், 1870-களில் எழத் தொடங்கிய துறைமுகச் சுவர்கள், தென்திசையிலிருந்து வடதிசை நோக்கிக் கரையோரமாகவே யாத்திரை செய்யும் மணலைத் தடுத்து நிறுத்தியதனால், முன்பு அலை வந்து மோதிய இடங்களில் விசாலமான மணல்வெளி படிந்ததையும், 1884-ஆம் ஆண்டில் கவர்னர் கிராண்ட் டஃப் அதன் ஓரமாக உலாவும் சாலையொன்று அமைத்து, தமக்குப் பிரியமான இத்தாலியக் கரைகளின் நினைவாக அதற்கு 'மெரினா' என்று பெயர் சூட்டியதையும் சொல்லி நிறுத்தினோம். நிலம் புதிதாய்ப் பிறந்தால், அது யாருக்கு உரியது என்னும் வழக்கும் உடன் பிறந்துவிடுகிறது. சர்க்கார் ஏட்டில் அது புறம்போக்கு. மாலையில் காற்று வாங்க வருகிறவர்களுக்குப் பொழுதுபோக்கும் இடம். வலை உலர்த்துகிறவனுக்கோ அது வீட்டு முற்றம். இவர்களுள் யார் சொல் செல்லும் என்பதைத் தீர்மானிக்கும்பொருட்டு இந்தக் கரையில் என்றைக்காவது குடிமக்களின் வாக்கு எண்ணப்பட்டதுண்டா என்பதே இவ்விதழின் விஷயம்.

அதைத் தொடங்குமுன் ஒரு டிரங்குப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டினப்பாக்கத்தில், சீனிவாசபுரத்து அடுக்குக் குடியிருப்புகளுக்கும் அலைக்கும் நடுவே, அடையாற்று முகத்துவாரத்தின் உடைந்த பாலம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வசிக்கிற, கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட பெரியவர் ஒருவர் அந்தப் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து எனக்குத் திறந்து காட்டினார். உள்ளே, உப்புக் காற்று புகாதபடி இரண்டு மூன்று பாலிதீன் பைகளில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு, அவருடைய குப்பத்தார் பற்பல ஆண்டுகளாகப் பற்பல அதிகாரிகளுக்குக் கொடுத்த மனுக்களின் நகல்கள் இருந்தன. பழைய தாள்கள் மடிப்பில் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டிய இடம் பழுப்பேறியிருந்தது. கையொப்பங்கள் சில, கைநாட்டுகளே பல. மை அதிகமாகிக் கருத்துப்போனவையும், மை போதாமல் பாதி ரேகை மட்டும் விழுந்தவையும், ஒன்றின்மேல் ஒன்று ஏறியவையுமாக அந்தக் கட்டைவிரல்கள் தாளின் அடிவரை இறங்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேல் மூலையிலும் ஊதா நிறத்தில் வட்ட முத்திரை, 'பெறப்பட்டது' என்ற சொல், ஒரு தேதி, யாருடையதென்று தெரியாத ஒரு கீற்று. அவ்வளவே பதில்.

"ஓட்டுப் போட்டா விரல்ல மை வெக்கிறாங்க சார், மனு குடுக்கறதுக்கும் இதே விரல்லதான் மை" என்றார் பெரியவர். "அத்த எண்றாங்க. இத்த யாரும் எண்ணல."

சரித்திர நூல்கள் பலவற்றைப் புரட்டியும் எனக்கு இவ்வளவு துலக்கமாக விளங்காத விஷயம் அது. விண்ணப்பம் என்பது வேறு. வாக்கு என்பது வேறு. விண்ணப்பத்தைப் பெறுகிறவர் அதனைப் படிக்கலாம், படியாமலும் இருக்கலாம். படித்து இரங்கலாம், இரங்காமலும் இருக்கலாம். வாக்கோ, எண்ணி முடித்த மாத்திரத்தில், எவர் இரக்கத்தையும் எதிர்பாராமல் தானே ஒரு முடிவாக நிற்பது. இவ்விரண்டுக்கும் நடுவே, கையொப்பங்களையே எண்ணி, குறித்த தொகை சேர்ந்தவுடன் அதிகாரத்தின் தீர்மானத்தை நிறுத்திவைத்து, அதை ஊராரின் வாக்குக்கு அனுப்பும் முறையொன்று உலகின் சில தேசங்களில் உண்டு. அம்முறை நம்மிடம் இல்லை. ஆனால் அதை நோக்கிய ஏக்கம் நம்மிடம் மிகப் பழையது; அதன் முதல் தடயங்களுள் ஒன்று பட்டினப்பாக்கத்துக்கு வடக்கே கூப்பிடு தூரத்திலுள்ள சாந்தோமிலேயே இருக்கிறது.

1680-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியாருக்காகச் சீலைகளில் சித்திரம் எழுதி வந்த தொழிலாளரும் அவரைச் சேர்ந்தோரும், கோட்டை நிர்வாகத்தோடு பிணங்கிக்கொண்டு பட்டணத்தை விட்டு வெளியேறிச் சாந்தோமில் வந்து கூடினார்கள். அங்கிருந்து ஒவ்வொரு ஜாதியாருக்கும் ஓலை விடுத்தார்கள். பட்டணத்துக்குள் போகும் சரக்கையும் தானியத்தையும் வழியிலேயே தடுத்தார்கள். கோட்டையில் வாக்குரிமை இல்லாத மக்கள் தங்கள் கால்களைக் கொண்டு அளித்த வாக்கு என்று அதனைச் சொல்லலாம். ஆறாண்டுகளுக்குள், 1686-இன் தொடக்கத்தில், வில்லியம் கிஃபர்டு கவர்னராக இருக்கையில், வீட்டு வரியை எதிர்த்துப் பட்டணத்து ஜனங்கள் மறுபடியும் கடைகளை அடைத்தார்கள். அடங்காவிட்டால் வீடுகளை இடித்துவிடுவதாகக் கம்பெனி மிரட்டியது. ஆனால் லண்டனில் கம்பெனியின் தலைவராயிருந்த சர் ஜோஷியா சைல்டு இதிலிருந்து வேறொரு பாடத்தைக் கற்றார்: தங்கள் மேல் தாங்களே விதித்துக்கொள்ளும் வரியை ஜனங்கள் எவ்வளவோ பெரிதாயினும் மனமொப்பிக் கொடுப்பார்கள், பிறர் அதிகாரத்தால் சுமத்துவது சிறிதாயினும் கொடுக்க மறுப்பார்கள் என்று அவர் கருதினார். 1687 டிசம்பர் 30-ஆம் தேதியிட்ட சாசனமும், 1688 செப்டம்பர் 29-இல் நதானியேல் ஹிக்கின்சனை முதல் மேயராகக் கொண்டு தொடங்கிய சென்னை மாநகராட்சியும் அந்தக் கருத்தின் குழந்தைகள். அம்மன்றத்தில் ஆங்கிலேயரோடு போர்த்துகீசியரும் யூதரும் இந்துக்களும் அமர்த்தப்பட்டார்கள். சம்மதத்தின் சாயலைக் காட்டி வரியை வசூலிப்பதே நோக்கமாயிருந்தாலும், சம்மதம் இன்றியமையாதது என்ற தத்துவம் இந்நகரத்தின் பிறப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது என்பதை மறக்கலாகாது.

பின்வந்த நூற்றாண்டில் விண்ணப்பம் ஒரு கலையாகவே வளர்ந்தது. 1852-இல் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் நிறுவிய சென்னைச் சுதேசிகள் சங்கம், வரி வசூலிப்பவர்கள் குடியானவர்களுக்கு இழைத்த சித்திரவதைகளை எடுத்துரைத்துப் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு அனுப்பிய மனுவின் விளைவாகவே சித்திரவதை விசாரணைக் கமிஷன் அமைந்து, 1855-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. மனு வலிமையற்றது என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம்; அது எத்தனையோ கதவுகளைத் திறந்திருக்கிறது. கதவைத் திறப்பதா வேண்டாமா என்ற அதிகாரம் உள்ளிருப்பவரிடமே இருந்தது என்பதுதான் குறை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1985-ஆம் ஆண்டின் இறுதியில், எம்.ஜி.ஆர். அரசு மெரினாவை அழகுபடுத்தும் நோக்கத்தோடு, கரையில் கிடந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டது. நகரத்தார் பலருக்கு அது நியாயமாகவே தோன்றியிருக்கக்கூடும்; கடற்கரை என்றால் மணலும் நிலவும் சுண்டலும் என்றே எண்ணிப் பழகியவர்களுக்கு, கட்டுமரம் கரையில் கிடப்பது ஒழுங்கீனமாகப் பட்டதில் வியப்பில்லை. ஆனால் கட்டுமரத்தைக் கரையில் ஏற்றி வைக்காமல் வேறெங்கு வைப்பது? நான்கு மரங்களைக் கயிற்றால் பிணைத்துச் செய்வது அது. கடலிலிருந்து வந்ததும் மேடேற்றி, பிணைப்பை அவிழ்த்து, மரத்தைக் காய வைத்தாலன்றி நீர் குடித்துக் கனத்துப்போகும். கரையை விட்டு நீக்குவதென்றால் தொழிலை விட்டு நீக்குவதென்றே பொருள். நொச்சிக்குப்பத்திலும் அண்டைக் குப்பங்களிலும் கொந்தளிப்பு மூண்டு, டிசம்பர் 4-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் மீனவர்கள் மாண்டார்கள். மணலில் விழுந்த அந்த உயிர்களை நினைக்கும்போதெல்லாம், அதற்கு முன்னே கொடுக்கப்பட்ட மனுக்களில் ஒன்றையேனும் ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கலாகாதா என்ற துயரம் என் நெஞ்சை விட்டு அகல்வதில்லை.

அந்தக் காலத்தில் சென்னைக்கு மேயர் இல்லை, கவுன்சிலரும் இல்லை என்பது இங்கே மிக முக்கியமான செய்தி. 1973-இல் கலைக்கப்பட்ட மாநகராட்சி மன்றம் 1996 அக்டோபரில் தேர்தல் நடந்து மு.க. ஸ்டாலின் மேயராகும் வரை, இருபத்து மூன்று ஆண்டுகள் கூடவேயில்லை; தனி அதிகாரிகளே நகரத்தை ஆண்டார்கள். வரிக்குச் சம்மதம் வேண்டும் என்று பிறந்த ஸ்தாபனம், நிலத்தைப் பற்றிய இத்தனை பெரிய பிணக்கு எழுந்த நாளில் ஆளில்லாத கட்டடமாக நின்றது. மீண்டும் 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை அதே நிலை. ஒரு குப்பத்துக்காரர் தம் வார்டு உறுப்பினரின் வாசலில் போய் நின்று 'நீ ஏன் கேட்கவில்லை' என்று கேட்கக்கூட ஆளற்ற ஆண்டுகள் அவை. தீர்மானத்தை ஊராரின் வாக்குக்கு விடும் உரிமையைப் பற்றிப் பேசுமுன், தீர்மானம் செய்யும் மன்றமாவது இருக்க வேண்டாமா?

அதே 1985-இன் ஜூலை 10-ஆம் தேதி, பம்பாய் நடைபாதைவாசிகளைப் பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், ஒருவனை அவன் இருப்பிடத்திலிருந்து நீக்குமுன் அவன் சொல்வதைக் கேட்டாக வேண்டும் என்றும், உயிர்வாழும் உரிமையில் பிழைப்பும் அடங்கும் என்றும் உரைத்தார்கள். தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பு அது. கேட்கப்படும் உரிமை சிறியதன்று. அதற்காக நாம் நன்றியுடையவர்களே. ஆயினும் 'கேட்டோம்' என்று எழுதிவிட்டு, கேட்டதற்கு மாறாகச் செய்வதைத் தடுக்க அத்தீர்ப்பில் இடமில்லை. நம் நாட்டில் இன்றைக்கும் நிலத்தைப் பற்றிய சட்டங்களில் பெரும்பாலானவை அந்தக் கேட்கும் எல்லையிலேயே நிற்கின்றன. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி நிலப்பயன்பாடு மாற்றப்படுமுன் ஆட்சேபங்கள் கோரப்படும். 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி பெருந்திட்டங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடைபெறும். ஆட்சேபங்கள் பரிசீலிக்கப்படும், கருத்துகள் பதிவு செய்யப்படும். எண்ணப்படுவதில்லை.

ஊராரின் சம்மதத்தால் முடிவெடுக்கும் வழக்கம் இந்தக் கரைக்கு அந்நியமானதா என்றால், இல்லை. இந்தச் சோழமண்டலக் கரை நெடுகிலும், ஒவ்வொரு குப்பத்துக்கும் ஓர் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. கோவில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எவ்வளவு, எந்த வலையை இந்தக் கரையில் இறக்கலாம், எதை இறக்கலாகாது, யார் வலையை யார் படகு அறுத்தது, துக்கம் நேர்ந்த வீட்டுக்காக எத்தனை நாள் கடலுக்குப் போகாமலிருப்பது என்பவையெல்லாம் அங்கே முடிவாகின்றன. முன்பு ஆள் விட்டுச் சொல்வார்கள். இப்போது மைக்கில் சொல்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்கள் பாடு முடித்துக் கரையேறி, கோவில் முன் மணலில் வட்டமாக உட்கார்ந்து, எல்லோரும் ஒரு வழிக்கு வரும்வரை பேசுவதை நானே கண்டிருக்கிறேன். முடிவு எட்டிவிட்டால் அதை மீறுகிறவன் மறுநாள் படகைத் தள்ளத் தோள் கொடுக்க ஆள் கிடைக்காமல் நிற்பான். சம்மதத்தைக் கொண்டே நடைபெறும் ஆட்சி அது. ஆனால் அந்த வட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. மீனைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றுக் குடும்பத்தைக் காப்பவர்கள் அவர்கள். சாலையோரத்துக் கடை பறிபோனால் முதலில் பிழைப்பிழப்பவர்களும் அவர்களே. பழமையைப் போற்றும் அவசரத்தில் இந்தக் குறையை மூடி மறைப்பது நேர்மையாகாது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை சீனிவாசபுரத்தைச் சூறையாடியபின், குப்பத்தார் எதிர்கொண்டது வேறுவகையான சம்மதம். 2005 மார்ச் 30-ஆம் தேதியிட்ட 172-ஆம் எண் அரசாணை, கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு ஒரு தெரிவை முன்வைத்தது: விலகிப் போய்ப் புதிய வீடு பெற்றுக்கொண்டு பழைய மனையை விட்டுக் கொடுக்கலாம்; போக விருப்பமில்லாவிட்டால் அங்கேயே இருக்கலாம், புதிய வீட்டுக்கு உதவி கிடையாது. ஆணையின் வாசகத்தில் கட்டாயம் என்ற சொல் இல்லை. உயிரோடு எஞ்சியவர்கள் கூடாரத்திலிருந்துகொண்டு, தனித்தனிக் குடும்பமாக, ஒரு படிவத்தில் ஒப்பமிட வேண்டியிருந்தது. பலர் செம்மஞ்சேரிக்கும் கண்ணகி நகருக்கும் போய்ச் சேர்ந்தார்கள். விடியற்காலையில் கடலின் நிறத்தையும் காற்றின் போக்கையும் பார்த்துத் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள், கடலைக் காண பஸ் ஏற வேண்டியவர்களானார்கள். ஊராகக் கூடிச் சொல்லும் சம்மதத்துக்கும், இடிந்த வீட்டின் முன் ஒற்றை ஆளாக நின்று சொல்லும் சம்மதத்துக்கும் எவ்வளவு தூரம் என்பது அப்போது விளங்கிற்று.

இப்போது கடல் கடந்து சற்றுப் போய்வருவோம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் 1911-ஆம் ஆண்டு, ரயில்வே கம்பெனியின் கைப்பிடியிலிருந்து அரசாங்கத்தை மீட்பதாகச் சொல்லி கவர்னரான ஹைரம் ஜான்சன் காலத்தில், சட்டமன்றமோ நகரமன்றமோ செய்த சட்டத்தைக் குடிமக்கள் தங்கள் வாக்குக்கு இழுத்துக்கொள்ளும் உரிமை அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. நகரமன்றம் ஒரு மனைக்கு உயர்ந்த கட்டடம் கட்ட அனுமதிக்கும் சட்டம் இயற்றினால், பொதுவாக முப்பது நாட்களுக்குள் வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினரின் கையொப்பம் சேர்ந்துவிடுமாயின், அச்சட்டம் அங்கேயே நின்றுவிடும். ஒன்று, மன்றம் அதனை ரத்து செய்ய வேண்டும்; அல்லது தேர்தலுக்கு அனுப்ப வேண்டும். சான்பிரான்சிஸ்கோ நகரத்துக் கடலோரத்தில், வாஷிங்டன் தெரு 8-ஆம் இலக்கத்தில், 84 அடி என்றிருந்த உயர வரம்பை 136 அடியாக்கி ஆடம்பர அடுக்கு வீடுகள் கட்ட 2012-இல் நகரமன்றம் இசைந்தபோது, எதிர்த்தவர்கள் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டினார்கள். 2013 நவம்பரில் வாக்காளர்கள் அத்திட்டத்தை மறுத்தார்கள். அதோடு நில்லாமல், 2014 ஜூனில், துறைமுகத்துக்குச் சொந்தமான கரையில் உயர வரம்பை மீறுவதாயின் வாக்காளரின் ஒப்புதலின்றிக் கூடாது என்றும் விதித்துவிட்டார்கள். அங்கேயும் கடற்கரை, அங்கேயும் உயர்ந்த கட்டடத்தின் ஆசை. ஆனால் அந்தக் கையொப்பங்களை ஒவ்வொன்றாக எண்ணுவதற்கென்றே ஒரு தேர்தல் அதிகாரி இருந்தார்.

இந்த உரிமை கிடைத்துவிட்டால் போதாது; அதைக் காத்துக்கொள்வது வேறொரு போராட்டம் என்பதையும் அத்தேசத்தின் அனுபவம் காட்டுகிறது. அதைப் பறிக்க நேரான வழி வேண்டியதில்லை. தீர்மானத்தை 'அவசரச் சட்டம்' என்று பெயரிட்டு உடனே அமலாக்கினால், கையொப்பத்துக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. 'இது சட்டமன்று, வெறும் நிர்வாகச் செயல்' என்று வாதித்தால், நீதிமன்றத்தில் ஆண்டுகள் கழிகின்றன. அதற்குள் அஸ்திவாரம் எழும்பிவிடுகிறது. மனுவின் தாளில் சட்டத்தின் முழு வாசகமும் இணைக்கப்படவில்லை, முகவரியில் ஓரெழுத்துப் பிசகு என்றெல்லாம் சொல்லிக் கையொப்பங்களைத் தள்ளுவதுமுண்டு. மனுவைச் சுமந்து நடந்தவர்கள் மீதே வழக்குப் போட்டு அவர்களை ஓய்த்துவிடுவதும் நடந்திருக்கிறது. ஓஹையோ மாகாணத்தின் ஈஸ்ட்லேக் என்னும் ஏரிக்கரை நகரத்தில், நிலப்பயன்பாட்டு மாற்றம் ஒவ்வொன்றும் வாக்காளரின் ஒப்புதல் பெற்றாக வேண்டும் என்ற விதியை எதிர்த்துக் கட்டட நிறுவனம் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1976-இல் அவ்விதி செல்லும் என்று முடிந்தது. ஜனங்கள் தாங்களே வைத்துக்கொண்ட அதிகாரத்தை, கடன் கொடுத்த அதிகாரம் போல் கருதிப் பறிக்கலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

ஆனால் இந்தப் படத்தின் மறுபக்கத்தையும் காட்டாமல் போனால் நான் வாசகருக்கு அநீதி செய்தவனாவேன். அதே கலிபோர்னியாவில் 1950-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 34-ஆம் பிரிவு, ஏழைகளுக்கு அரசாங்கம் வீடு கட்டுவதாயின் உள்ளூர் வாக்காளரின் ஒப்புதல் வேண்டும் என்று விதித்தது. பணக்காரருக்குக் கட்டும் வீட்டுக்கு அந்த நிபந்தனை இல்லை. 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதையும் செல்லும் என்றது. மயிலாப்பூரும் அடையாறும் பெசன்ட் நகரும் சேர்ந்து வாக்களித்தால், பட்டினப்பாக்கத்துக் குப்பம் கரையில் இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு என்ன விடை வரும்? எண்ணிக்கையில் சிறியோரின் இருப்பிடத்தைப் பெரியோரின் வாக்கு விழுங்கிவிடலாம். ஆகையால், யாருடைய நிலத்தைப் பற்றி யார் வாக்களிப்பது என்னும் எல்லைக் கோடே இவ்விஷயத்தின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். அகற்றப்படுகிறவர்களுடைய சம்மதம் ஒரு பங்கு. பக்கத்துத் தெருவாருடைய விருப்பம் மற்றொரு பங்கு. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு எண்ணலாகாது.

நம் தேசத்தில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டுவதைப் பற்றி, 2013 ஏப்ரல் 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடமே விட்டது; அவ்வாண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் கூடிய பன்னிரண்டு சபைகளும் ஒருமுகமாக 'வேண்டாம்' என்றன; சுரங்கம் நின்றது. அகற்றப்படுகிறவர்களே கூடி, அவர்கள் சொல்லே முடிவான அருமையான நிகழ்ச்சி அது. வன உரிமைச் சட்டத்தின் துணையால் அது சாத்தியமாயிற்று; கடலோர மக்களுக்கு அத்தகைய சட்டம் இல்லை. காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரில் விமான நிலையம் அறிவிக்கப்பட்ட 2022 முதல், ஏகனாபுரம் கிராம சபை அதற்கு எதிராகத் தொடர்ந்து தீர்மானம் நிறைவேற்றி வருகிறது. அத்தீர்மானங்களின் மேல் திட்டம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தமிழ் மண்ணில் நிலத்தின் தலைவிதி எண்ணிக்கையால் முடிவான ஒரு நாளைத் தேடினால், புதுச்சேரிக்கு அருகே கீழூரில் 1954 அக்டோபர் 18-ஆம் தேதி, பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கும் 8 பேர் எதிராகவும் வாக்களித்த அந்த நாளைத்தான் சொல்ல வேண்டும். ஒரு பிரதேசத்தைக் கைமாற்றுமுன் அங்குள்ள மக்களின் சம்மதம் வேண்டும் என்பது பிரெஞ்சு அரசியலமைப்பின் விதியாயிருந்தது. ஒரு நாட்டைக் கைமாற்ற அவசியமான சம்மதம், ஒரு குப்பத்தைக் கைமாற்ற அவசியமில்லாமல் போவது எங்ஙனம்?

2023-ஆம் ஆண்டு இந்தக் கரையில் இரண்டு காட்சிகள் நடந்தன. ஜனவரி 31-ஆம் தேதி, மெரினாவுக்கு அப்பால் கடலுக்குள் 134 அடி உயரத்தில் 81 கோடி ரூபாய்ச் செலவில் கலைஞர் நினைவாக எழுப்ப உத்தேசித்த பேனாச் சின்னத்தைப் பற்றிய கருத்துக்கேட்பு கலைவாணர் அரங்கில் நடந்தது. ஆதரித்தோர் ஒருபுறம், எதிர்த்தோர் மறுபுறம். மேடையில் பேசியவரின் சொல் கீழே எழுந்த ஆரவாரத்தில் மூழ்கிற்று. அன்று அரங்கில் இருந்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கடலில் வலை போடுகிறவர்கள் என்று பிரித்தறிய வழியில்லை. பிரித்தறிந்தாலும் அந்த எண்ணிக்கையால் முடிவு மாறும் என்ற விதியில்லை. பின்னர் மத்திய அரசு நிபந்தனைகளோடு அனுமதி அளித்தது.

இரண்டாவது, ஏப்ரல் மாதத்தில். கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே குப்பங்களை ஒட்டிச் செல்லும் இணைப்புச் சாலையின் ஓரத்தில் மீன் விற்பவர்களால் போக்குவரத்து நெருக்கடி உண்டாகிறது என்று உயர் நீதிமன்றம் தானே வழக்கை எடுத்துக்கொண்டு, ஆக்கிரமிப்பை அகற்ற உத்தரவிட்டது. மறுநாளே கடைகள் அகற்றப்பட்டன. மீனவர்கள் படகுகளையும் வலைகளையும் சாலைக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு அமர்ந்தார்கள். வலை உலர்த்திய எங்கள் மணலின் மேல் போடப்பட்ட சாலை இது. சாலைக்கு நாங்கள் ஆக்கிரமிப்பா, எங்களுக்குச் சாலை ஆக்கிரமிப்பா என்பது அவர்கள் வாதம். சாலை போடுமுன் அவர்களுடைய வாக்கு எண்ணப்பட்டிருக்குமானால், அந்த வாதத்துக்கு அப்போதே ஒரு விடை கிடைத்திருக்கும். சில நாட்களில் நீதிமன்றமும் அரசும் இளகின. 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தருகே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. நல்ல கட்டடம், மழைக்கு ஒதுங்கலாம், தண்ணீர் வசதியும் உண்டு. எனினும் 1680-இல் சித்திரக்காரர் சரக்கைத் தடுத்ததும், 2023-இல் மீனவர் படகைக் குறுக்கே இழுத்ததும், இரண்டு மைல் எல்லைக்குள், முந்நூற்று நாற்பது ஆண்டு இடைவெளியில் நடந்த ஒரே செயல் என்பது சரித்திரம் படிக்கிறவனுக்கு மறைவதில்லை.

2022-இல் பிறந்த விதிகளின்படி, இப்போது ஒவ்வொரு வார்டிலும் பகுதி சபைகள் ஏற்பட்டிருக்கின்றன. கிராமத்துக்குக் கிராம சபை போல் நகரத்துக்கு இது. அந்தப் பகுதியின் வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர். அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று அவை முதன்முதலாகக் கூடின. தெருவிளக்கு, குடிநீர், குப்பை ஆகியவற்றைப் பற்றிய பேச்சே மிகுதி. நிலப்பயன்பாட்டை மாற்றும் தீர்மானத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. அதன் பிரதிநிதிகளும் நியமனத்தால் வருகிறவர்களே. இருப்பினும், குப்பத்துப் பெண்கள் ஆண்களோடு சமமாக உட்கார்ந்து பேசச் சட்டம் அனுமதிக்கும் வட்டம் இது. அதற்கு ஒரு பத்துச் சதவீதக் கையொப்பத்தால் ஒரு திட்டத்தை அறுபது நாள் நிறுத்தும் உரிமையை மட்டும் சேர்த்துப் பாருங்கள். அகற்றப்படுகிற தெருவாரின் வாக்கைத் தனியாக எண்ணவும் விதி செய்யுங்கள். பெரியவரின் பெட்டியிலுள்ள தாள்கள் அன்றே வேறு பொருளைப் பெறும்.

அந்தப் பெட்டியை அவர் மூடுமுன், மேலாக இருந்த பையிலிருந்து கடைசி மனுவை எடுத்துக் காட்டினார். அது இன்னும் கொடுக்கப்படவில்லை, முத்திரையும் இல்லை. ஐம்பது கோடுகள் போட்ட தாள், இருபத்தேழு நிரம்பியிருந்தன. மீன் விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஆயா ஒருத்தி வாசலில் கூடையை இறக்கி வைத்தாள். பெரியவர் மைப்பெட்டியை நீட்டினார். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒட்டியிருந்த செதில் ஒன்றை நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டு, இருபத்தெட்டாவது கோட்டின் மேல் விரலை அழுத்தினாள்.

(தொடரும்)